கல்லில் இடமில்லாத பன்னிரண்டு பேர்

"ஒன்றரைப் பக்கம் போதும் சார்" என்றார் வனவர் லிடியா. சேலத்துப் பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காக்கி உடுப்போடு வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். எங்கள் ஊஞ்சக்கரட்டு வன உயிரினப் பூங்காவுக்கு இந்த வருஷம் பத்து வயது ஆகிறதாம். விழா மலர் போடுகிறார்களாம். முகப்பு வாசலை இடித்துக் கட்டுவதால் பழைய கல்வெட்டு போய்ப் புதுக்கல் வருகிறதாம். "நிலம் குடுத்தவரு நீங்க. உங்க வாழ்க்கைக் குறிப்புதான் மலர்ல முதல் பக்கம். கல்லுல பழைய வாசகமே இருக்கட்டுமா, இல்ல ஏதாவது மாத்தணுமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிட்டீங்கன்னா வெட்டக் குடுத்துடலாம்" என்றார். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

பழைய வாசகம் இதுதான்: "நிலக் கொடையாளர்கள்: நா. ஜீவானந்தம் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்."

அந்த ஜீவானந்தம் நான். வயது அறுபத்து நாலு. திருச்செங்கோட்டில் போர் வண்டி வைத்து முப்பது வருஷம் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய்ப் தண்ணீருக்காகப் பூமியில் துளை போட்டவன். இந்தப் பூங்காவுக்கு நான் ஒரு சென்ட் நிலம்கூடக் கொடுத்ததில்லை. கொடுத்தவர்களைக் கொடுக்க விடாமல் தடுக்கப் பார்த்தவன் நான். இதைப் பத்து வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்லாவிட்டால் புதுக்கல்லிலும் என் பேர் ஏறிவிடும். கிரானைட் கல் என் பேரனுக்குப் பேரன் காலம் வரைக்கும் நிற்கும்.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பிறந்த வருஷம் எழுதினேன், தொழில் எழுதினேன், போர் வண்டிக்காரர்கள் சங்கத்தில் பொருளாளராக இருந்ததை எழுதினேன். லிடியா கொடுத்த தாளில் "நிலம் கொடுக்கத் தூண்டிய காரணம்" என்று ஒரு வரி இருந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது. நான் என்ன எழுத? ஆகவே இது என் வாழ்க்கைக் குறிப்பு அல்ல. என் அக்கா சௌந்திரத்தினுடையது. ஒன்றரைப் பக்கத்தில் அடங்காது. அடங்கவில்லையென்றால் வெட்டிக்கொள்ளட்டும், ஆனால் என்னைத் திட்டியிருக்கிற இடத்தை வெட்டக் கூடாது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது அவள் பேரில் ஒரு துண்டு நிலம் எழுதி வைப்பார்கள். மஞ்சக்காணி என்று பேர். மஞ்சள் குங்குமத்துக்கு ஆகட்டும் என்று அப்பன் கொடுப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். எந்த நிலத்தைக் கொடுத்தார்கள் என்று போய்ப் பார்த்தால்தான் எங்கள் யோக்கியதை தெரியும். கிணற்றடி வயல் பையனுக்கு. மஞ்சளும் கரும்பும் விளைகிற காடு பையனுக்கு. ஏர் இறங்காத, கிளுவை முள்ளும் ஊஞ்ச மரமும் மண்டிக் கிடக்கிற கரட்டடி, அதாவது பாறைக் குன்றின் அடிவாரம், பெண்ணுக்கு. ஒரு வீட்டில் அப்படி நடந்ததென்றால் விட்டுவிடலாம். கரட்டைச் சுற்றியிருக்கிற நாலு ஊரிலும் அப்பன்மார் எல்லோருக்கும் ஒரே புத்தி. பேருக்கு நிலம் கொடுத்ததாகவும் இருக்க வேண்டும், கையை விட்டு ஒன்றும் போகவும் கூடாது. அப்படிக் கொடுத்துக் கொடுத்தே கரட்டின் அடிவாரம் முழுக்க, வளையம் மாதிரி, பெண்கள் பேரில் நின்றது. யாருக்கும் அது உறைக்கவில்லை.

என் சம்சாரம் மலர்விழிக்கும் அவள் அப்பா இரண்டு ஏக்கர் எழுதிக் கொடுத்தார், கரட்டுக்கு அந்தப் பக்கம். நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அவள் அண்ணன்மாருக்கே திருப்பி எழுதிக் கொடுத்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கல்லுக்காட்டைப் பற்றிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது என் எண்ணம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மாப்பிள்ளை வீட்டாரை எங்கள் ஐயன் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நாச்சிமுத்து கரட்டடிக்குக் கூட்டிப் போய் நின்றுகொண்டு, "அந்த வெள்ளப் பாறையிலிருந்து இந்த ஊஞ்ச மரம் வரைக்கும் நாலு ஏக்கரா, எம் புள்ளைக்கு" என்று கையை நீட்டிக் காட்டினார். அக்கா பின்னால் நின்று மெதுவாகக் கேட்டாள்: "தண்ணி இருக்குதுங்களாய்யா?"

"பாறை இடுக்குல சுனை இருக்குது சாமி. மயிலுக்குப் பத்தும்" என்றார் ஐயன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். கிணற்றடி வயல் எனக்கு என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அத்தான் சின்னுசாமி லாரி ஓட்டியவர். நல்ல மனுஷன். அக்காவுக்கு முப்பத்தாறு வயதிருக்கும்போது நாக்பூர் பக்கம் வண்டி கவிழ்ந்து போய்விட்டார். ஒரே மகன், இப்போது ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவனைப் படிக்க வைத்தது ஆடுகள்தான். தினமும் விடிந்ததும் பதினைந்து இருபது ஆட்டை ஓட்டிக்கொண்டு கரட்டடிக்குப் போவாள், பொழுது சாயத் திரும்புவாள். அவளைப் போலவே மஞ்சக்காணி கிடைத்த மற்றப் பெண்களும் அங்கே வருவார்கள். பாவாயி, நல்லம்மாள், செல்லாயி, ராஜம்மாள் என்று ஒரு கூட்டம். வருஷா வருஷம் பங்குனியில் சுனை வற்றும் சமயம் பார்த்து எல்லோருமாகச் சேர்ந்து தூர் எடுப்பார்கள். சோற்றுப் போசியைக் கட்டிக்கொண்டு போய்ப் பகல் முழுக்க மண்ணை வாரிக் கொட்டுவார்கள். விறகு பொறுக்கப் போகிறார்கள் என்று ஆம்பிளைகள் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சுனை ஒன்றில்தான் கரட்டில் இருக்கிற அத்தனை உயிருக்கும் கோடையில் தண்ணீர். மான் வரும், முள்ளம்பன்றி வரும். எறும்பு தின்னும் அழுங்கு ஒன்று சுருண்டு பந்தாகக் கிடந்ததை அக்கா ஒரு தடவை முந்தானையில் ஏந்திப் போய் மேலே விட்டுவிட்டு வந்தாள். ஒரு மயிலுக்கு "பெரிய மாப்பிள்ளை" என்று பேர் வைத்திருந்தாள். வேலை ஒன்றும் செய்யாமல் தோகையை விரித்துக்கொண்டு பாறை மேலேயே நிற்குமாம். நான் வெள்ளை வேட்டி சட்டையில் அவள் வீட்டுக்குப் போனால், "பெரிய மாப்பிள்ளை வந்துட்டாரு" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்போது கோபம் வரும். அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்குவாரிக்காரர்கள் வந்தார்கள். கரடு வனத்துறையினுடையது, அதைத் தொட முடியாது. அடிவாரத்துப் பட்டா நிலத்தில் பாறை இருக்கிறது, ஜல்லிக்கு அருமையான பாறை. பாறையைப் பற்றித் தெரிந்தவன், ஊர்க்காரன், நிலத்துக்காரியின் தம்பி என்று என்னைத் தேடி வந்தார்கள். கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் கிரஷரில் என்னையும் ஒரு பங்காளியாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்தச் சமயம் போர் வண்டித் தொழிலும் படுத்துக் கிடந்தது.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ஆட்டுக்குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் நிமிரவே இல்லை.

"ஆடு மாடு தண்ணி குடிக்கிற எடத்துல வேட்டு வெப்பயா சாமி?" என்றாள்.

"அது வெறுங் கல்லுங்க்கா. நாப்பது வருஷமா ஒரு படி கம்பு வெளஞ்சிருக்குதுங்களா அதுல?"

"வெளையாததுனாலதான எனக்குக் குடுத்தாரு நம்ம ஐயன். வெளையலைன்னாப் போவுது. மயிலுக்குப் பத்தும்னுதான சொன்னாரு. மயிலே வெச்சுக்கட்டும்."

வனத்துறைக்காரர்கள் அதற்கு முன்பே அவளிடம் பேசியிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கரட்டைப் பூங்காவாக அறிவிக்க வேண்டுமென்றால் சுனையும் அடிவாரமும் சேர்ந்து வர வேண்டும். விலை கொடுத்து வாங்குவதென்றால் அரசாங்கத்தில் ஆண்டுக் கணக்கில் இழுக்கும், அதற்குள் குவாரி வந்துவிடும். "கேட்டாங்க. குடுத்துட்டுப் போறம்னு சொல்லிட்டம்" என்றாள் அக்கா. போறம் என்றால் அவள் மட்டும் இல்லை, கூட இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பிறந்ததிலிருந்து அக்காவை வாங்க போங்க என்றுதான் பேசி வந்திருக்கிறேன். அன்றைக்கு நீ என்றேன். "பொம்பளை உனக்கு நெலத்தப் பத்தி என்ன தெரியும்? ஆடு மேய்க்கிறதுக்கு மேல என்ன தெரியும் உனக்கு?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அத்தான் இல்லாததைக்கூடச் சொல்லிக் காட்டினேன். அதை இங்கே எழுத என் கை கூசுகிறது. அவள் பால் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மலர்விழியிடம் கத்தினேன். "அவங்க நெலம். அவங்க இஷ்டம் போல செய்யட்டுமேங்க" என்றாள் அவள். "உன்ர வேலையைப் பாரு" என்றேன். பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் அக்காவுக்கு நான் பொங்கல் சீர் அனுப்பவில்லை. கூடப் பிறந்தவன் இருக்கும்போது பொங்கலுக்குச் சீர் வராத வீடு என்றால் அந்தப் பெண்ணுக்கு ஊரில் என்ன மரியாதை என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு புதன்கிழமை. திருச்செங்கோட்டில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார்: "உங்க அக்காவும் இன்னும் கொஞ்சம் பொம்பளைகளும் டவுன் பஸ்ஸுல வந்து எறங்கி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கரட்டு நெலத்தையெல்லாம் பாரஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க." பாதி டீயைக் கொட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது அலுவலகத்தில் அவர்கள் இல்லை, வேலை முடிந்து போய்விட்டார்கள். வீட்டில் கத்தலாம் என்று வந்தால் மலர்விழியும் இல்லை. அவள் அண்ணன் பேத்திக்குக் காது குத்து என்று காலையிலேயே சோறாக்கி மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். தனியாக உட்கார்ந்து அந்தச் சோற்றைத் தின்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வெறும் பேராசைக்காரன், அவ்வளவுதான். இனிமேல் சொல்லப்போவதுதான் கேவலம்.

அடுத்த வருஷம் பூங்காத் திறப்பு விழா. அமைச்சர் வருகிறார், கலெக்டர் வருகிறார் என்று ஊரே அமர்க்களப்பட்டது. மேடையில் நிலம் கொடுத்தவர்கள் சார்பில் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். விழாக் கமிட்டியில் எல்லோரும் ஆம்பிளைகள். என்னிடம் வந்தார்கள். அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். எனக்குத் தோன்றியது. "அக்காளுக்கு மேடையெல்லாம் பழக்கமில்லீங்க" என்று நானே சொன்னேன்.

கல் வெட்டுகிற சின்னானும் வந்தான். ராசிபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறவன். பன்னிரண்டு பெயர்கள் எழுதியிருந்த ஒரு தாளை யாரோ அவனிடம் கொடுத்திருந்தார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். "பன்னெண்டு பேரு இருக்குதுங்க, கல்லுல எடம் பத்தாது போல இருக்குது. எப்படிப் போட்டுக்கலாங்க?" என்றான். அந்தத் தாளை வாங்கிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். வீட்டுக்கு மூத்த ஆம்பிளை பேர் ஒன்று, மற்றதெல்லாம் "மற்றும்". சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு போனான்.

விழா அன்றைக்கு அமைச்சர் எனக்குச் சால்வை போர்த்தினார். நல்ல அரக்கு நிறம், ஜரிகைக் கரை. மேடையிலிருந்து பார்த்தேன். அக்கா பந்தலின் கடைசி வரிசையில் இருந்தாள், பக்கத்தில் மலர்விழி. அவர்களைச் சுற்றிப் பாவாயி, நல்லம்மாள் எல்லோரும். முன் வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்தவர்களை அதிகாரிகளுக்கு இடம் வேண்டும் என்று சொல்லிப் பின்னால் அனுப்பியிருக்கிறார்கள். எனக்குச் சால்வை விழுந்ததும் அவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள், மலர்விழியும் தட்டினாள்.

இறங்கி வந்து அக்கா முன்னால் நின்றேன். ஒரு வருஷத்துக்கு மேல் பேசாமல் இருந்துவிட்டு அப்படிப் போய் நிற்க எனக்கு எப்படித்தான் மனம் வந்ததோ. அவள் சால்வையைத் தொட்டுப் பார்த்தாள். "நெறம் உனக்கு எடுப்பா இருக்குது சாமி" என்றாள். பெரிய மாப்பிள்ளை என்று அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மலர்விழி அந்தச் சால்வையை மடித்து ரச கற்பூரம் போட்டுப் பீரோவில் வைத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயிலில் உலர்த்தி மறுபடியும் வைப்பாள். அதற்குப் பிறகு பத்து வருஷம் நான் எங்கே போனாலும் "பார்க்குக்கு நெலங் குடுத்தவரு" என்றுதான் அறிமுகம் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள், போனேன். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே பாதி நிஜம் போல ஆகிவிட்டது. மலர்விழி போய்ச் சேர்ந்து இப்போது இரண்டு வருஷம். சால்வையை உலர்த்த ஆளில்லை, பீரோவில் அப்படியே கிடக்கிறது.

இதையெல்லாம் தாளில் எழுத முடியாமல் வியாழக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது எழுபத்தொன்று. கண் மங்கிவிட்டது. ஆடு இரண்டுதான் வைத்திருக்கிறாள். என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டாள்.

"புதுக் கல்லு வெக்கறாங்களாம் அக்கா. உங்க பேரப் போடச் சொல்லப் போறேனுங்க."

"என்னய மட்டும் போடாத. பன்னெண்டு பேரு குடுத்தோம். போடறதுன்னா பன்னெண்டையும் போடு. இல்லாட்டி உன்ர பேரே இருந்துட்டுப் போவட்டும்."

பேனாவை எடுத்துக்கொண்டேன். அவள் விரல் விட்டுச் சொன்னாள். யாருக்கு எத்தனை ஏக்கர், எல்லை எது, அந்த நிலத்தில் என்ன மரம், இப்போது உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்பது வரை சொன்னாள். பதினோரு பேர் வந்ததும் நிறுத்திவிட்டாள். "மிச்சம் ஒண்ண ஆபீஸ்ல போயிக் கேட்டுக்க" என்றாள். வயதாகிவிட்டது, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மதியம் வனவர் அலுவலகத்துக்குப் போனேன். லிடியா பழைய கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். பன்னிரண்டு தானப் பத்திரங்களின் நகல். ஒவ்வொன்றாகப் புரட்டி, பேர்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். சௌந்திரம், தந்தை பேர் நாச்சிமுத்து. பாவாயி. நல்லம்மாள். செல்லாயி. ராஜம்மாள். பழனியம்மாள். ஏழாவது பத்திரத்தில் போட்டோ ஒட்டியிருந்தது. வகிடு எடுத்து வாரின தலை, கழுத்தில் நான் போட்ட சங்கிலி. "மலர்விழி, கணவர் பெயர் ஜீவானந்தம். இரண்டு ஏக்கர் பதினோரு சென்ட்." கீழே உருண்டை உருண்டையாக அவள் கையெழுத்து. பால்காரன் அட்டையில் மட்டும் நான் பார்த்திருக்கிற கையெழுத்து.

தேதி அந்தப் புதன்கிழமை. காது குத்து என்று போன நாள்.

"உங்க மிசஸ்தானே சார்?" என்றார் லிடியா. "குடும்பத்துல ரெண்டு பேரு குடுத்திருக்கீங்கன்னு இன்னைக்கித்தான் பாத்தேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"ஆமாமா, தெரியும்" என்றேன். அந்த இடத்திலும் பொய்தான் வந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். பழைய கல்வெட்டு இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பத்திரக் கட்டு முழுக்கத் தேடினாலும் கணவர் பெயர் என்ற இடத்தில் தவிர என் பேர் வேறெங்கும் கிடையாது. கல்லில் மட்டும் முதல் பேர்.

நேராக மறுபடியும் அக்காவிடம் போனேன். நான் உட்கார்ந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க்கா, எங்கிட்ட ஏன் சொல்லல அவ?"

"நீ எப்பவாச்சும் கேட்டயா?"

காலையில் அவள் சொல்லச் சொல்ல எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"சொல்லறேன்னுதான் இருந்தா. தெறப்பு விழா முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும் சொல்லீரோணும்னு எங்கிட்டச் சொன்னா. நீ சால்வையப் போட்டுக்கிட்டு அப்படி ஒரு சந்தோசத்துல வந்து எறங்குன. இனிச் சொன்னா மனுசன் மொகம் வாடிப் போயிருமுங்க, வேண்டாமுங்க அண்ணின்னுட்டா. சத்தியமும் வாங்கிக்கிட்டா." மேலும் சொன்னாள்: "அந்த வருஷம் பொங்கச் சீரும் அவதான் கொண்டாந்தா. உன்ர பேரச் சொல்லித்தான் குடுத்தா. நீ அனுப்பலைன்னு எனக்குத் தெரியும். வாங்கிக்கிட்டேன்."

எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? பூமியில் ஆயிரம் அடி துளை போட்டு எந்தப் பாறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொன்னவன் நான். முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் எனக்குச் சோறு போட்டவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன். அக்கா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதுவும் பொறுக்கவில்லை எனக்கு. எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பன்னிரண்டு பேரையும் ஒரு தாளில் எழுதி, லிடியாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சின்னான் பட்டறைக்கு நானே போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வேலைக்கு வந்த மூன்று நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைத் தெரிந்தவர்கள். ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு எடம் பத்தாதுன்னயே சின்னான். இன்னைக்குப் பத்துமா?" என்றேன்.

தாளை வாங்கிப் பார்த்தான். "அன்னைக்கும் பத்தியிருக்குமுங்க. உங்க பேரு மூணு அங்குலத்துல வேணும்னு நீங்க சொன்னீங்க. அதுல பன்னெண்டு பேரு ஏறுமுங்களா?" என்றான். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, அளவைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இந்த மூன்று அங்குலத்தை மேலே நான் எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

சின்னான் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தான். ஏழாவதில் நிறுத்தினான்.

"மலர்விழி. நம்ம ஊட்டு அம்மாங்களா?"

"ஆமா."

"அவங்களும் குடுத்தாங்களா? நீங்க ஒருநாளும் சொன்னதில்லீங்களே."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

மெஷின் சத்தத்தில் அவனுக்குக் காதில் விழவில்லை. போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, "என்னங்க?" என்றான். பட்டறை அமைதியாகிவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். ஆமாமா, தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நேற்று அது சுலபமாகத்தான் வந்தது.

"என்ர பொண்டாட்டி நெலங் குடுத்தது எனக்குத் தெரியாது சின்னான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.